கையில் நிற்காத சம்பளம்: இளங்குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்காக எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம், திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆன, கைக்குழந்தையோ பள்ளிக்குச் செல்லத் தொடங்காத குழந்தையோ உள்ள வீடுகளிலிருந்து வந்தவை. நீளமான கடிதங்களைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். அஞ்சலகச் சேமிப்புகளின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு மறுபரிசீலனை செய்வதால், இங்கே சொல்லப்படும் விகிதங்களைக் கணக்குத் தொடங்கும் நாளன்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் டெய்லர், நான் செக்கிங். சனிக்கிழமைதோறும் சம்பளம், இருவருக்கும் சேர்த்து வாரம் 8,000 ரூபாய் அளவில் வரும். வாடகை 5,500 ரூபாய். மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பிரசவச் செலவுக்காக 80,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினோம். மாதம் 1,600 ரூபாய் வட்டி கட்டுகிறோமே தவிர, முதல் அப்படியே இருக்கிறது. இது போக, 20 மாத ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் எட்டு மாதம் கட்டிவிட்டோம், இன்னும் எடுக்கவில்லை. நகைக்கடையில் மாதம் 2,000 ரூபாய் கட்டும் திட்டமும் உண்டு. மகள் பெயரில் ஏதாவது தொடங்கச் சொல்கிறார்கள். எதில் போடலாம்?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அந்த 80,000 ரூபாய்க் கடனைப் பேசிவிட வேண்டும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கும். ஆண்டுக் கணக்கில் அது 24 சதவீதம். அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு 6.7 சதவீதமும், செல்வமகள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதமும் தருகின்றன. ஒரு பக்கம் 24 கொடுத்துக்கொண்டு மறுபக்கம் 8 வாங்கினால், போடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுக்குப் பதினாறு ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போகிறது. மகளின் பெயரில் பாஸ்புத்தகம் வாங்கும் மகிழ்ச்சியில் இந்த நட்டம் கண்ணில் படாது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கடனை அடைப்பதற்கான பணம் உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. சீட்டில் 20 பேர், மாதத் தவணை 5,000 ரூபாய், நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், முதல் மாதம் 25,000 ரூபாய்த் தள்ளில் (சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை) போன ஏலம் மாதந்தோறும் ஒரே சீராகக் குறைந்து கடைசி மாதம் கமிஷனாகிய 5,000 ரூபாயில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது மாதத்தில் நீங்கள் எடுத்தால் தள்ளு 16,500 ரூபாய் அளவில் இருக்கும். கைக்கு 83,500 ரூபாய் வரும். கடைசிவரை காத்திருந்தால் 95,000 ரூபாய் வரும். வித்தியாசம் 11,500 ரூபாய். ஆனால் அந்தப் பதினோரு மாதங்களில் கடனுக்கு நீங்கள் கட்டவிருக்கும் வட்டி 17,600 ரூபாய். இப்போதே எடுத்துக் கடனை முடித்தால் 6,100 ரூபாய் மிச்சமாகிறது. சீட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதத் தவணை ஒன்றுதான் என்பதால் அந்தப் பக்கத்தில் புதிய சுமை எதுவும் இல்லை. உங்கள் சீட்டின் உண்மையான தள்ளு இந்த உதாரணத்திலிருந்து மாறுபடலாம். கைக்கு வருவது ஏறக்குறைய 78,000 ரூபாய்க்குக் குறையாத வரை எடுப்பதே ஆதாயம். அதற்கும் கீழே ஏலம் போனால் ஒரு மாதம் பொறுங்கள். சீட்டு எடுப்பவரிடம் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கேட்பார்கள். அதற்கு ஆளை இப்போதே பேசி வையுங்கள்.

உங்கள் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டப்படி, ஒவ்வொரு சீட்டுக்கும் முன்அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பதிவுத்துறை கவனிக்கிறது. சீட்டுத் தொகைக்கு ஈடான பிணைத்தொகையை நடத்துபவர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். அவருடைய கமிஷனுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. தெருவில் தெரிந்தவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட சீட்டில், அதிக ஆதாயத்துக்காகக் கடைசிவரை காத்திருப்பவர்தான், நடத்துபவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் அதிகம் இழப்பவர். உங்களுடையது அந்த வகை என்றால், இந்தச் சீட்டை அடுத்த ஏலத்திலேயே எடுத்துவிடுவதற்கு அது இன்னொரு காரணம்.

கடன் முடிந்ததும் மாதம் 1,600 ரூபாய் விடுபடும். அதைவிடப் பெரிய தொகை ஒன்று உங்கள் வாரச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை என்று குடும்பம் நடத்தினால் 48 வாரச் சம்பளம்தான் கணக்கில் வரும். மீதி நான்கு வாரச் சம்பளம், ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதங்களில் வந்து சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. வாடகை, சீட்டு இரண்டும் மாதத்துக்கு ஒரு முறைதான் என்பதால், அந்த ஐந்தாவது சம்பளத்தில் ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 3,000 ரூபாய் எடுத்துக்கொண்டாலும் 5,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். இந்த ஆண்டு நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமைகளை இன்றைக்கே வட்டமிட்டு வைத்து, அன்று மாலையே அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் நிற்கும். தீபாவளி போனஸில் துணிமணிக்குப் போக மீதியும் அங்கேயே போகட்டும்.

இந்தக் கணக்கு சாதாரண வங்கிச் சேமிப்புக் கணக்காகவே இருக்கட்டும். வட்டி குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை பெரிய தொகையை முடக்கும் வேறு எந்தத் திட்டத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பிறகு மூன்று மாதச் செலவை எட்டுவது அடுத்த இலக்கு. இந்தத் தொழிலில் ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது ஷிப்ட். 2025 ஆகஸ்டு மாதம் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒரு மாதத்தில் கையிருப்பு இல்லாத வீடுதான் மறுபடியும் இரண்டு வட்டிக்குக் கடன் தருபவரின் வாசலுக்குப் போகிறது.

நகைத் திட்டத்தை முடியும் வரை கட்டி நகையை வாங்கிவிடுங்கள்; இடையில் நிறுத்தினால் கடை தரும் சலுகை போய்விடும். ஆனால் அடுத்த ஆண்டுக்கு உடனே புதுப்பிக்க வேண்டாம். கடையில் கட்டும் பணத்துக்கு, வங்கி வைப்புக்கு உள்ளதுபோல 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு கிடையாது. தங்கத்தின் மீது எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் அடகு வைக்கக்கூடிய, பெரும்பாலும் பெண்ணின் கையிலேயே இருக்கும் சொத்து நம் வீடுகளில் அது ஒன்றுதான். ஆகவே வாங்கும்போது கல் வைத்ததையும் சேதாரம் கூடிய வேலைப்பாட்டையும் தவிர்த்து எளிய நகையாக வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி இல்லாத நகையை 2023 ஏப்ரல் முதல் கடைகள் விற்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மகள். செல்வமகள் திட்டத்தைப் பத்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்; உங்களுக்கு இன்னும் ஏழு ஆண்டு அவகாசம் இருக்கிறது. குறைந்தபட்சம் ஆண்டுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயது ஆன பிறகோ படிப்புக்காகப் பாதி எடுக்கலாம். அதற்கு முன் சாதாரணமாகக் கை வைக்க முடியாது என்பது அதன் பலம். கையிருப்பில்லாத வீட்டுக்கு அதுவே பலவீனம். கடன் முடிந்த மாதத்தில் 250 ரூபாயுடன் தொடங்கி, கையிருப்பு சேர்ந்த பிறகு தொகையைக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பிரசவத்துக்குக் கடன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளிக்கு, சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டாயம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால், மகப்பேற்றுக்கு மருத்துவமும் 26 வாரங்களுக்குச் சம்பளத்துக்கு ஈடான தொகையும் கிடைக்கும். பீஸ் ரேட், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி, என்பதற்காக இந்த உரிமை போய்விடாது. உங்கள் இருவர் பெயரிலும் பிடித்தம் நடக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்; பிடிக்கவில்லை என்றால், பிடிக்கும் கம்பெனிக்கு மாறுவது, வாரம் இருநூறு ரூபாய் கூடுதலாகத் தரும் கம்பெனிக்கு மாறுவதைவிட இந்த வயதில் உங்களுக்கு மேலானது.

கேள்வி: மகனுக்கு ஒரு வயது. கணவரின் சித்தப்பா காப்பீட்டு முகவர். குழந்தையின் பெயரில் ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியத்தில் பாலிசி எடுக்கச் சொல்கிறார். கணவர் ஒருவர்தான் சம்பாதிக்கிறார்; அவர் பெயரில் பாலிசி எதுவும் இல்லை. சித்தப்பாவிடம் மறுத்துச் சொல்லவும் முடியவில்லை.
(ஒரு வாசகி, கடலூர்)

பதில்: குழந்தையின் வருமானத்தை நம்பி யாரும் வாழவில்லை, உங்கள் கணவரின் வருமானத்தை நம்பி இருவர் வாழ்கிறீர்கள். காப்பீடு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். இறந்தால் மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசியில், முதிர்வுத் தொகை இல்லை என்பதால், சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிக்குக் கட்டுவதில் சிறு பகுதியைக் கட்டினாலே பல மடங்கு பெரிய காப்பீடு கிடைக்கும். ஆண்டு வருமானத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் செலவும் குறைந்திருக்கிறது. அதற்கான மருத்துவப் பரிசோதனையும் காகித வேலையும் முடியும்வரை காத்திராமல், வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டத்திலும், 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டத்திலும் இந்த வாரமே அவரைச் சேர்த்துவிடுங்கள்.

சித்தப்பாவிடம் மறுக்க வேண்டியதில்லை. "மாமா, இவர் பெயரில் டேர்ம் பாலிசி போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். முகவர் என்ற முறையில் அதையும் அவரால் போட்டுத் தர முடியும். அதில் அவருக்குக் கமிஷன் குறைவு என்பது உங்கள் கவலையாக இருக்க வேண்டாம். அவர் மனம் கோணக் கூடாது என்பதற்காக ஏற்கெனவே குழந்தை பாலிசியில் கையெழுத்திட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற விதி இடம் தருகிறது. மிகச் சிறிய பிடித்தம்தான் இருக்கும்.

கேள்வி: பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வேலையை விட்டுவிட்டேன். கணவரின் சம்பளம் 24,000 ரூபாய். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க விரும்புகிறேன். இட்லி மாவு அரைத்து விற்கலாமா? செல்பேசியில், வீடியோக்களுக்கு லைக் போட்டால் நாளுக்கு 1,500 ரூபாய் என்று ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது.
(ஒரு வாசகி, நாமக்கல்)

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது மோசடி. முதல் இரண்டு நாள் சில நூறு ரூபாய் உங்கள் கணக்குக்கு உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் பெரிய வேலை கிடைக்க முன்பணம் கட்டச் சொல்வார்கள். பிறகு கட்டியதை மீட்கக் கட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

மாவு வியாபாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு கிலோ இட்லி அரிசிக்குக் கிலோ 50 வீதம் 200 ரூபாய், ஒரு கிலோ உளுந்துக்கு 140, வெந்தயம் உப்புக்கு 10, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 20, பன்னிரண்டு கவருக்கு 36 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 406 ரூபாய். இதில் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ மாவு வரும். கிலோ 40 ரூபாய் வீதம் மளிகைக் கடைக்குப் போட்டால் வரவு 480; மிச்சம் 74 ரூபாய். ஊற வைத்து, அரைத்து, கரைத்து, கிரைண்டரைக் கழுவி, பாக்கெட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு இது கூலியே ஆகாது. அதே மாவைத் தெருவில் உள்ள வீடுகளுக்கு நேராக 50 ரூபாய்க்குக் கொடுத்தால் மிச்சம் 194 ரூபாய். ஒரு பாக்கெட் மிஞ்சிப் புளித்தால் 144. ஆக, இந்தத் தொழிலில் லாபம் அரைப்பதில் இல்லை. யாருக்கு விற்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. நாள்தோறும் மாவு வாங்கும் பதினைந்து வீடுகளை முன்கூட்டியே பேசி வைக்க முடியுமானால் இதைத் தொடங்கலாம். கடைகளை மட்டும் நம்பி என்றால் வேண்டாம் என்பேன். எந்த உணவுப் பொருளை விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறிய அளவில் செய்பவர்களுக்கு அது எளிதாகவும் குறைந்த கட்டணத்திலும் கிடைக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அந்த நான்கு ஆண்டு அனுபவம். கணக்கு மென்பொருளான டேலியில் பதிவு போடவும் ஜி.எஸ்.டி. கணக்குக்கான விவரங்களைத் திரட்டவும் தெரிந்த ஒருவர், ஏற்கெனவே சம்பளம் வாங்கிச் செய்த வேலையை விட்டுவிட்டுப் புதிதாக மாவு அரைக்கக் கற்றுக்கொள்வது ஏன்? நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை, கோழித் தீவனக் கடை, முட்டை வியாபாரம் என்று முழுநேரக் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத, ஆனால் கணக்கு எழுதியாக வேண்டிய சிறு நிறுவனங்கள் நிறைய உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரத்துக்கு 11ஆம் தேதியும், வரிக் கணக்குக்கு 20ஆம் தேதியும் கெடு. வேலை அந்த இருபது நாட்களில் குவியும், பிறகு ஓயும். பில்களைச் செல்பேசியில் படமாக அனுப்பச் சொல்லி, குழந்தை தூங்கிய பிறகு இரவில் பதிவு செய்யலாம். கடைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று பேசினாலும் நான்கு கடைகளில் 6,000 ரூபாய். முதலீடு, வீட்டில் இல்லையென்றால், ஒரு பழைய கணினி. மாவுக் கணக்கில் அந்தத் தொகையை நெருங்கவே, நாள் தவறாமல் பன்னிரண்டு கிலோவையும் நேராக விற்றாக வேண்டும்.

முதல் இரண்டு கடைகளை உங்கள் பழைய ஆடிட்டரிடமே கேளுங்கள். அவர்களுடைய கட்டணத்துக்குக் கட்டுப்படியாகாத சிறு கணக்குகள் எந்த அலுவலகத்திலும் இருக்கும். அவற்றைத் தெரிந்த கையில் கொடுப்பதில் அவர்களுக்கும் நிம்மதி. கெடு தேதி தவறினால் தாமதக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதைக் கடைக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பில் தாமதமாக அனுப்பியவர் அவராகவே இருந்தாலும் குறை உங்கள் மேல்தான் விழும். வருகிற வருமானம் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே வரட்டும். நாளைக்கு ஒரு கடன் விண்ணப்பத்துக்கோ, மறுபடி வேலைக்குச் செல்லும்போது இடைவெளியை விளக்குவதற்கோ அந்தக் கணக்குப் புத்தகம் பேசும்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம், எனக்கு 38,000, அவருக்கு 26,000 ரூபாய் சம்பளம். இரண்டு வயதுக் குழந்தை. மனைவி மாதம் 4,000 ரூபாயைத் தன் பெற்றோருக்கு அனுப்புகிறார். அதை நிறுத்தினால் வீட்டுக் கடனுக்கு முன்பணம் சேர்த்துவிடலாம். எப்படி எடுத்துச் சொல்வது?
(ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: நீங்கள் உங்கள் பெற்றோருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள், அல்லது அவர்கள் உங்களுடன் இருந்தால் அவர்களுக்காக எவ்வளவு செலவாகிறது என்பது கடிதத்தில் இல்லை. அந்த எண்ணையும் எழுதி, இரண்டையும் "பெற்றோர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள். அவருடைய 4,000 ரூபாய் உங்கள் மொத்த வருமானமான 64,000 ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அதை நிறுத்தினால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் சேரும் என்பது உண்மைதான். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய அம்மா என்றால், ஒரு குழந்தைக் காப்பகத்துக்கு இந்தத் தொகை போதுமா என்று உங்கள் பகுதியில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

முன்பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. இருவரும் சம்பளத்தில் ஒரே விகிதத்தை, 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வந்த மறுநாளே இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். உங்களுடையது 11,400, அவருடையது 7,800, ஆக மாதம் 19,200 ரூபாய். ஒரே தொகையைக் கேட்பது குறைந்த சம்பளக்காரரை நெருக்கும். ஒரே விகிதத்தைக் கேட்பது நெருக்காது. மீதியில் வீட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்ட பிறகு, அவரவர் கையில் நிற்பதை அவரவர் பெற்றோருக்கு அனுப்பினாலும் புடவை வாங்கினாலும் வண்டிக்கு உதிரிபாகம் வாங்கினாலும் மற்றவர் கணக்குக் கேட்கக் கூடாது. கூட்டுக் கணக்கு, இருவரில் எவரும் இயக்கலாம், ஒருவருக்குப் பின் மற்றவருக்குச் சேரும் என்ற முறையில் இருக்கட்டும். வீடு வாங்கும்போது பத்திரத்திலும் இருவர் பெயரும் வர வேண்டும் என்பதை இப்போதே ஒத்துக்கொண்டால், 30 சதவீதத்தை 35 ஆக்கும் யோசனை அவரிடமிருந்தே வரக்கூடும்.

கேள்வி: ஓசூரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனத்தை விட்டு இப்போது வேறு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். பழைய பி.எஃப். கணக்கில் 1,60,000 ரூபாய் இருக்கிறது. மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தப் பணத்தை எடுத்துப் பைக் கடனை அடைத்துவிட்டு, மீதியைக் குழந்தைக்காக வங்கியில் போட்டு வைக்கலாமா?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: பழைய கணக்கைப் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுங்கள், எடுக்க வேண்டாம். 2024-25ஆம் ஆண்டுக்கு பி.எஃப். தந்த வட்டி 8.25 சதவீதம். அதைவிட அதிக வட்டியை வங்கி வைப்பில் எதிர்பார்க்க முடியாது. அந்த வங்கி வட்டிக்கு வரிக் கணக்கும் உண்டு. பைக் கடனின் வட்டி இதைவிட அதிகம் என்பது சரிதான், ஆனால் அந்தக் கடன் சில தவணைகளில் தானாகவே முடியப்போகிறது. பி.எஃப். பணத்தை எடுத்தால், தொடர்ச்சியான ஐந்து ஆண்டுப் பணி முடிவதற்குள் எடுத்த தொகைக்கு வருமான வரிக் கணக்கு வரும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கொடுக்கும்போதே பிடித்தம் செய்வார்கள். கணக்கை மாற்றிவிட்டால் பழைய மூன்று ஆண்டும் புதிய பணியுடன் சேர்ந்து, இன்னும் இரண்டு ஆண்டில் அந்த ஐந்து நிறைவடையும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று ஓய்வூதியம். முதலாளியின் பங்கிலிருந்து, உங்கள் சம்பளத்தில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய்ச் சம்பள வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதிய நிதிக்குப் போகிறது; ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். அந்தப் பகுதியையும் எடுத்துக்கொண்டால் உங்கள் மூன்று ஆண்டும் அழிந்து, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முப்பது வயதுக்குள் வேலை மாறும்போதெல்லாம் இப்படி எடுத்துக்கொண்டே வந்து, நாற்பத்தைந்தாவது வயதிலும் பத்தாண்டு நிறையாமல் நிற்பவர்கள் தொழிற்பேட்டைகளில் நிறையவே இருக்கிறார்கள்.

பிரசவத்துக்கான பணம்தான் உண்மையான கவலை என்றால் அதை நேராகப் பார்ப்போம். உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டால், மனைவிக்கும் மருத்துவ வசதி உண்டு. உங்கள் காப்பீட்டு எண்ணில் அவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி, ரொக்கமாக 14,000 ரூபாயும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக, தவணைகளில் கிடைக்கும். ஏழாம் மாதம் வரை பதிவே செய்யவில்லை என்றால் நாளைக் காலையில் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பாருங்கள்.

கணக்கை மாற்றுவதற்காக பி.எஃப். இணையதளத்துக்குள் நுழையும் அன்றைக்கே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். முதல் வேலையில் சேர்ந்தபோது திருமணம் ஆகியிருக்காது. வாரிசு நியமனத்தில் வேறு யாருடைய பெயராவது இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. மனைவியின் பெயரை அங்கே பதிந்து, ஆதார் வழி ஒப்புதல் கொடுத்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். பணியில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், சேர்ந்திருக்கும் பி.எஃப். பணத்துடன், அந்த நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரையிலான தொகையும் அந்த நியமனத்தின் அடிப்படையில்தான் வழங்கப்படுகிறது. குழந்தை பிறந்து பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தையின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.